முடிந்த முடிவு மறுபடி முளைத்தால்: கருவி மாற்றும் தன்னார்வக் குழுவுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

சிறு நூலகங்களுக்கான இரவல் பதிவு மென்பொருள் ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து பராமரிக்கிறோம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்தில் சில பள்ளிகளும் படிப்பகங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. யாருக்கும் சம்பளம் இல்லை. குடியாத்தத்திலிருந்து ஓர் ஆசிரியர், இராணிப்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவர், மருத்துவ ஆய்வகத்தில் பணிபுரியும் ஓர் அக்கா, கல்லூரி மாணவர்கள் மூவர், நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், பிறகு நான். காட்பாடியில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு மாலை கூடுவோம். சித்திரை மாதத்தில் அந்த மாடியில் பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த எந்த முடிவையும் நம்ப வேண்டாம் என்பது என் சொந்த அனுபவம்.

இந்தக் குழு மூன்று முறை கருவி மாற்றியிருக்கிறது. முதலில் நிரல் களஞ்சியம், அதாவது நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் வைக்கும் இடம், சப்வெர்ஷன் என்ற கருவியிலிருந்து கிட் என்ற கருவிக்குப் போனது. அடுத்து நூலகத் தரவுக் கோப்புகளின் அடுக்கை மாற்றினோம். கடைசியாக வழுப்பட்டியலை, அதாவது மென்பொருளில் கண்ட பிழைகளைக் குறித்துவைக்கும் பட்டியலை. மூன்றிலும் கருவி கொடுத்த தலைவலி இரண்டு வாரத்தில் தீர்ந்தது. போன மாதம் பேசி முடித்ததை இந்த மாதம் மறுபடி கிளப்பும் தலைவலி மட்டும் மாதக்கணக்கில் நீடித்தது. திரும்பத் திரும்ப ஒரே பழுதைச் சரிசெய்ததில் கைக்கு வந்த வழிமுறை இது. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கியிருக்கிறேன். முதல் காரணத்தைச் சோதிக்காமல் மூன்றாவதற்குத் தாவாதீர்கள், நாங்கள் தாவியிருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்: முடிவு என்று ஒன்று இருக்கிறதா?

குழுவில் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். என்ன முடிவு செய்தோம்? எப்போது? எதற்காக? ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக் கூடாது.

மூன்று பதிலும் ஒத்துப்போனால் முடிவு இருக்கிறது. கீழே உள்ள அறிகுறிகளுக்குப் போங்கள். மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் யாரும் எதையும் மறுபடி கிளப்பவில்லை. அந்த விஷயத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பேசுகிறீர்கள். கோபத்தை ஓரம் வைத்துவிட்டுப் பேசி முடியுங்கள்.

எங்கள் வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ஆறு உண்டு, தண்ணீர் இல்லை, கோட்டை உண்டு, ராஜா இல்லை, கோயில் உண்டு, சாமி இல்லை. கடைசியது 1981இல் பொய்யாகிவிட்டது, ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்ப வந்துவிட்டார். காலியான அந்த இடத்தில் ஆசிரியர் வேறொன்றைச் சேர்த்தார்: கூட்டம் உண்டு, தீர்மானம் இல்லை. எங்கள் முதல் மாற்றத்தில் பாதித் தகராறு இந்த வகைதான்.

அறிகுறி 1: "ஆமாம், எதற்காக மாறுகிறோம்?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறார்கள்

*காரணம் அ: முடிவை எழுதி வைக்கவில்லை.* பெரும்பாலும் இதுதான். வாட்ஸ்அப்பில் இருக்கிறது என்பார்கள். வாட்ஸ்அப்பில் இருக்கிறதுதான், ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கும் இரண்டு காணொளிக்கும் நடுவில் இருக்கிறது. நிரல் இருக்கும் களஞ்சியத்துக்குள்ளேயே ஒரு கோப்புறை போட்டு, முடிவுக்கு ஒன்றாகச் சாதாரண உரைக் கோப்பில் எழுதுங்கள். மைக்கேல் நைகார்ட் என்பவர் 2011இல் மென்பொருள் குழுக்களுக்குப் பரிந்துரைத்த வழக்கம் இது: சூழல், முடிவு, அதன் நிலை, விளைவு என்று ஓரிரு பக்கத்துக்குள் முடித்துவிட வேண்டும். செலவு அரை மணி நேரம்.

எங்கள் கோப்பு ஒன்று இப்படி இருக்கும்:

தீர்மானம் 4. நிரல் களஞ்சியம் கிட்டுக்கு மாறும். இருந்தவர்கள்: ஏழு பேர். வராதவர்: ஒருவர், இரவு ஷிப்ட். காரணம்: சப்வெர்ஷனில் சர்வருடன் இணைப்பு இல்லாமல் கமிட் செய்ய (திருத்தத்தைப் பதிய) முடியாது, குடியாத்தத்தில் மழை வந்தால் இணைப்பு போய்விடுகிறது. கிட்டில் முழு வரலாறும் அவரவர் கணினியிலேயே இருக்கும், இணைப்பு வந்ததும் அனுப்பிக்கொள்ளலாம். வேண்டாம் என்றவை: சப்வெர்ஷனிலேயே தொடர்வது (காரணம் மேலே), மெர்குரியல் என்ற இன்னொரு கருவி (எங்களில் யாருக்கும் பழக்கம் இல்லை, கேட்டால் சொல்லித்தர ஊரில் ஆள் இல்லை). எது நடந்தால் மறுபடி பேசுவோம்: ஆறு மாதம் கழிந்த பிறகும் குழுவில் பாதிப் பேருக்கு மேல் தாங்களாகக் கமிட் செய்ய முடியாத நிலை இருந்தால்.

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத தீர்மானம், வெளிப்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு போன்றது. திறக்க வேண்டியவர் இடித்துத்தான் திறப்பார்.

*காரணம் ஆ: எடுத்தது எழுதியிருக்கிறது, வேண்டாம் என்றது எழுதவில்லை.* சோதனை எளிது. மறுபடி கேட்பவர் "ஏன் அதைப் பார்க்கவில்லை?" என்று ஆரம்பிக்கிறாரா? பார்த்திருப்பீர்கள், பதிவில் இல்லை. பைத்தான் நிரல்மொழிக் குழுவினரின் முன்மொழிவு ஆவணங்களில் நிராகரித்த யோசனைகளுக்கென்று தனிப் பகுதியே உண்டு. அவர்கள் 2009இல் பஜார், கிட், மெர்குரியல் என்ற மூன்று களஞ்சியக் கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு மெர்குரியலைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் அதற்கு மாறினார்கள். 2017இல் அதையும் விட்டுக் கிட்டுக்குப் போனார்கள். முன்பு ஒப்பிட்டது ஏட்டில் இருந்ததால் இரண்டாம் தடவை பழங்கதையைத் தோண்ட வேண்டியதில்லை. இடையில் என்ன மாறியது என்று மட்டும் பேசினால் போதும்.

*காரணம் இ: கேட்பவர் புதியவர்.* அவர் எதையும் கிளப்பவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறார். கோப்பைக் காட்டுங்கள். படித்த பிறகு வேறு கேள்வி கேட்டால் நல்ல ஆள் கிடைத்திருக்கிறார். படிக்காமல் அதே கேள்வியைக் கேட்டால் அறிகுறி 6க்குப் போங்கள்.

*காரணம் ஈ: எழுதிய காரணம் செத்துப்போய்விட்டது.* குடியாத்தத்தில் கண்ணாடியிழை இணைப்பு வந்து, மழையிலும் நிற்காமல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்மானம் 4இன் முதல் காரணம் போயிற்று. அதனால் முடிவு தவறாகிவிடாது, ஆனால் கேள்வி நியாயமானது. அறிகுறி 5.

அறிகுறி 2: "பழையதே நன்றாக இருந்தது, திரும்பிவிடலாம்"

இந்த வாக்கியம் காதில் விழுந்தவுடன் கொள்கை விவாதத்தில் இறங்காதீர்கள். மூன்று விவரம் கேளுங்கள்: எந்தக் கோப்பு? என்ன கட்டளை கொடுத்தீர்கள்? திரையில் என்ன தெரிந்தது? பதில் வருவதற்குள் பத்தில் ஏழு வழக்கு கரைந்துவிடும். பத்தில் ஏழு என்பது என் நினைவுக் கணக்கு, எண்ணிப் பார்க்கவில்லை.

*காரணம் அ: ஒரே ஓர் அமைப்பு.* மாறி இரண்டாவது வாரம். முதலாண்டு மாணவர் ஒருவர் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். "சார், கிட்டுக்குத் தமிழ் வராது. இதற்குத்தான் இவ்வளவு பாடுபட்டோமா?" அவர் நியாயமாகத்தான் கொதித்தார். தமிழில் பெயரிட்ட கோப்பைச் சேர்த்துவிட்டு நிலை பார்த்திருக்கிறார். பெயருக்குப் பதில் \340\256 என்று தொடங்கும் எண் வரிசை திரை முழுக்க. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "தம்பி, இது பத்திரப் பதிவு எண்ணா?" என்றார்.

கிட் வழக்கமாக ஆங்கிலமல்லாத பெயர்களை இப்படி எட்டடிமான எண்களாக மாற்றிக் காட்டும். உள்ளே கோப்புப் பெயர் பத்திரமாக இருக்கிறது, காட்டுவதில்தான் கோளாறு. கிட் அமைப்புகளின் கோர் பிரிவில் கோட்பாத் (core.quotePath) என்ற விருப்பம் இருக்கிறது, அதை அணைத்தால் தமிழ் தமிழாகத் தெரியும். ஒரு வரி. அந்த ஒரு வரி தெரியாததால் நாற்பது நிமிடம் சப்வெர்ஷனின் அருமை பெருமைகளைப் பேசினோம்.

இதே இனத்தில் இன்னொன்று: ஒரு வரியைத் திருத்தினால் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டுகிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் வரி முடிவுக் குறி வேறுவேறு. கிட் பண்புக் கோப்பில் ஒரு தடவை வகுத்துவிட்டால் தீர்ந்தது. அவரவர் கணினியில் அவரவர் சரிசெய்துகொள்ளச் சொன்னால் தீராது.

*காரணம் ஆ: தமிழ் எழுத்தின் இரட்டை வேடம்.* இரவல் கொடுத்த நூல்களின் பட்டியல் 'கொடுத்தவை' என்ற கோப்பில் இருந்தது. ஒருநாள் களஞ்சியத்தில் 'கொடுத்தவை' இரண்டு இருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. யூனிகோடில் கொகர உயிர்மெய்யின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்றுதான் தரம் சொல்கிறது. ஆனால் கோப்புப் பெயரைப் பைட்டு பைட்டாக ஒப்பிடும் கருவிக்கு அவை வேறு வேறு. அக்காவின் பழைய மேக் கணினி பெயர்களைப் பிரித்துச் சேமிக்கும் வகை. மேக்கில் இதற்கென்றே கிட்டில் ஒரு விருப்பம் இருக்கிறது, பிரிந்த எழுத்தைச் சேர்த்து வாங்கிக்கொள்ளும். அதை இயக்கி, இரட்டைக் கோப்பில் ஒன்றை நீக்கி, ஒரு மாலையில் முடித்தோம்.

இதை அடுத்து "கோப்புப் பெயரெல்லாம் ஆங்கிலத்திலேயே வைத்துவிடலாம்" என்ற பழைய பேச்சு மறுபடி தலைதூக்கியது. தூக்கத்தான் செய்யும். ஆனால் கோளாறைத் தீர்த்த அன்றே அதைப் பேச விடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுங்கள். எங்களுக்கு அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்க ஆளே இல்லை.

*காரணம் இ: வரலாற்றில் கனமான கோப்பு.* கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்பதில்லை. யாரோ என்றோ முழுத் தரவுத்தளத்தையும் கமிட் செய்துவிட்டு, மறுநாள் நீக்கியிருப்பார். நீக்கினாலும் வரலாற்றில் அது உட்கார்ந்திருக்கும், அனுப்பும்போது மொத்தமும் திரும்பி வரும். வரலாற்றைத் திருத்தி எழுதத்தான் வேண்டும். எழுதினால் எல்லோர் கையிலும் உள்ள பிரதி செல்லாமல் போகும். எல்லோரும் புதிதாக இறக்க வேண்டும். ஆகவே மாற்றத்துக்கு முன்பே தேடுங்கள். மாற்றிய பிறகு கண்டுபிடித்தால் அனுபவமுள்ளவரை அழையுங்கள்.

*காரணம் ஈ: ஒரே வண்டியில் இரண்டு பாரம்.* செலவு மிகுந்தது இது. களஞ்சியத்தை மாற்றும் அதே மாதத்தில் பழைய எழுத்துரு முறையில் இருந்த நூற்பட்டியல்களை யூனிகோடுக்கும் மாற்றினோம். "எப்படியும் எல்லாவற்றையும் தொடப்போகிறோம்" என்று சொன்னது யார் என்பதைச் சொல்ல மாட்டேன், நான்தான். எது கெட்டாலும் எந்த மாற்றத்தால் கெட்டது என்று தெரியவில்லை. ஆகவே கெட்ட ஒவ்வொன்றும் இரண்டு முடிவையும் சேர்த்துக் கிளப்பியது. பைத்தான் குழுவினர் நிரலை 2017இல் மாற்றினார்கள், வழுப்பட்டியலை 2022இல்தான் மாற்றினார்கள். அவ்வளவு பெரிய குழுவே ஐந்தாண்டு இடைவெளி விட்டது. நீங்கள் ஏற்கெனவே இரண்டையும் ஏற்றிவிட்டீர்கள் என்றால் ஒன்றை இறக்கி வைத்துவிட்டு மற்றதை முடியுங்கள்.

அறிகுறி 3: கூட்டத்தில் தலையாட்டல், இரவு பதினொரு மணிக்கு எதிர்ப்பு

*காரணம் அ: அவர் கூட்டத்திலேயே இல்லை.* வந்தோர் பட்டியலைப் பாருங்கள். ஷிப்ட் வேலை பார்ப்பவர், மறுநாள் தேர்வுள்ள மாணவர், கடைசி பஸ்ஸைப் பிடிக்க நடுவில் எழுந்து போனவர், மூவரும் வராதவர்களே. மருந்து: கூட்டத்தில் எடுத்ததை அன்றே எழுதி அனுப்புங்கள், ஏழு நாள் விடுங்கள், எட்டாம் நாள்தான் முடிவு என்று பெயர் வையுங்கள். கேட்காமல் தலைப்பாகையை மாற்றினால் என்ன ஆகும் என்று இந்த ஊர் 1806 ஜூலையிலேயே பார்த்துவிட்டது. கோட்டைச் சிப்பாய்களுக்கு இருந்த துணிச்சலில் நூறில் ஒரு பங்கு தன்னார்வலருக்கும் உண்டு. ஒரே வித்தியாசம், இவர் சுடமாட்டார், வராமல் நின்றுவிடுவார்.

*காரணம் ஆ: மௌனத்தைச் சம்மதமாக எண்ணிவிட்டோம்.* ஆசிரியர் பேசி முடித்த பிறகு, அவரிடமே பத்தாம் வகுப்பு படித்த பையன் மறுத்துப் பேசுவானா? எங்களிடம் நடந்தது இதுதான். அவன் தலையாட்டினான், பிறகு இரவில் நீளமாக எழுதினான். சோதனை: கூட்டத்தில் யார் எந்த வரிசையில் பேசினார்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மூத்தவர் முதலில் பேசியிருந்தால் அதற்குப் பிறகு வந்தவை கருத்துகள் இல்லை, மரியாதை. வயதில் சிறியவரிடமிருந்து தொடங்குங்கள். ஆசிரியரே இதைச் சொன்னார். சொல்லிவிட்டு முதல் இரண்டு கூட்டங்களில் பேசாமல் இருக்க அவர் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

*காரணம் இ: எதிர்ப்பைக் கேட்டோம், பதில் சொல்லவில்லை.* இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2014இல் வெளியிட்ட 7282ஆம் எண் ஆவணம் கருத்தொற்றுமைக்கு ஓர் அளவு சொல்கிறது. எழுந்த ஆட்சேபனைகளை எல்லாம் ஏற்க வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் எடுத்து ஆராய்ந்திருக்க வேண்டும். தீர்மானக் கோப்பைத் திறந்து, அவருடைய ஆட்சேபனை அதில் இருக்கிறதா, பக்கத்தில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாமலேயே அடங்கிவிடுவதை நான் இரண்டு முறை பார்த்தேன்.

*காரணம் ஈ: ஓர் ஓட்டில் வென்ற முடிவு.* டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தின் தொழில்நுட்பக் குழு 2014 பிப்ரவரியில் சிஸ்டம்டி என்ற மென்பொருளை இயல்புத் தொடக்க அமைப்பாக (கணினி தொடங்கும்போது மற்ற நிரல்களை ஏவுவதாக) தேர்ந்தபோது வாக்குகள் சரிசமமாக நின்றன. தலைவரின் முடிவு வாக்கால் தீர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் எல்லா உருவாக்குநர்களும் வாக்களிக்க வேண்டி வந்தது. பொதுத் தீர்மானமே தேவையில்லை என்ற தெரிவு வென்றது. 2019 டிசம்பரில் மறுபடியும் ஒரு வாக்கெடுப்பு. எட்டுப் பேர் குழுவில் ஐந்துக்கு மூன்று என்று வென்றதை வெற்றி என்று கொண்டாடாதீர்கள். தோற்ற மூவரும் வேலை செய்தால்தான் மாற்றம் நடக்கும். அவர்களில் ஒருவரையாவது இழுக்கும்வரை தள்ளிப்போடுவது மலிவு.

அறிகுறி 4: பழைய களஞ்சியமும் புதியதும் சேர்ந்து ஓடுகின்றன

யாரும் வாய் திறந்து எதிர்ப்பதில்லை. ஆனால் பழையதில் கமிட் விழுந்துகொண்டே இருக்கிறது. பேச்சில்லாமல் முடிவைத் திறக்கும் முறை இது.

சோதனை: மாற்ற நாளுக்குப் பிறகான சப்வெர்ஷன் பதிவை எடுங்கள். யார், எத்தனை, எந்தக் கோப்பில்?

எல்லோரும் செய்கிறார்கள் என்றால் நீங்கள் பூட்டவில்லை. சப்வெர்ஷனில் கமிட்டுக்கு முன் ஓடும் கொக்கி நிரல் ஒன்றை வைத்து மறுத்துவிடலாம், மறுக்கும்போது செய்தியும் காட்டலாம். எங்கள் செய்தி: "இங்கே படிக்கலாம், எழுத முடியாது. புதிய முகவரி வாசல் கோப்பில் உள்ளது." ஐந்து நிமிட வேலை.

ஒரே கணினியிலிருந்து, ஒரே நேரத்தில், தினமும் விழுகிறது என்றால் அது மனிதர் இல்லை. ஏதோ பள்ளிக் கணினியில் யாரோ போட்ட தானியங்கி நிரல். தேடிப் போய் மாற்றுங்கள். பூட்டினால் மட்டும் போதாது, சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருக்கும்.

ஒருவர் மட்டும் தெரிந்தே செய்கிறார் என்றால் அறிகுறி 6.

இதற்குள் விழுந்துவிட்ட கமிட்டுகள் பத்துக்குள் இருந்தால் கையாலேயே புதியதில் சேர்த்துவிடலாம். அதற்கு மேல் போய், இரண்டு பக்கமும் ஒரே கோப்பைத் திருத்தியிருந்தால் நீங்களாக முயலாதீர்கள்.

அறிகுறி 5: கேட்பவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது

மிகக் கடினமான அறிகுறி இதுதான். எங்கள் இரண்டாவது மாற்றம் நடந்துகொண்டிருந்தபோது, 2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டத்திலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. நூலகத் தரவை மாவட்டவாரியாகக் கோப்புறைகளில் அடுக்குவது என்று முடிவுசெய்து, பாதி அடுக்கியும் விட்டோம். வாலாஜாவும் ஆற்காடும் ஒரு பக்கம் போயின, ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்னொரு பக்கம். "முடிந்ததைக் கிளறாதே" என்ற விதியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு வாரம் முரண்டு பிடித்தோம். அதுவரை மற்றவர்கள் கிளறியே பழகியதால் எங்களுக்குக் காதடைத்திருந்தது.

பெரியவர்தான் தீர்த்தார். அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது அலுவலகத்தில் பதிவேடுகளை என்ன செய்தார்கள் என்று முதலில் ஒரு கதை சொன்னார். பிறகு, "நீதிமன்றத்தில் இதற்கு வழி இருக்கிறது" என்றார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு முன்தீர்ப்புத் தடை: ஒரே தரப்பினர் ஒரே விஷயத்தைத் தீர்ப்புக்குப் பின் மறுபடி வழக்காக்க முடியாது. அதே சட்டத்தின் கட்டளை 47, விதி 1 மறுசீராய்வு: முயன்றும் அப்போது தெரியவராத புதிய முக்கிய ஆதாரம், பதிவைப் பார்த்தாலே தெரியும் பிழை, அல்லது அதற்கு நிகரான போதிய காரணம் இருந்தால் கேட்கலாம். பூட்டும் சாவியும் ஒரே சட்டத்தில்.

அன்று முதல் எங்கள் நடைமுறை:

மறுபடி பேச வேண்டும் என்பவர் இந்த மூன்றில் எது என்று எழுதித் தர வேண்டும். "எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை" என்பது மூன்றிலும் சேராது. "அப்போதே தெரியும், சொல்லவில்லை" என்பதும் சேராது. ஆனால் ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள், பதில் பெரும்பாலும் அறிகுறி 3இல் இருக்கும்.

முடிவெடுத்த அதே குழுவின் முன்தான் கேட்க வேண்டும். மறுசீராய்வு அதே நீதிமன்றத்துக்குத்தான் போகும். தேநீர்க் கடைக்கோ வாட்ஸ்அப்புக்கோ போகாது.

தெரியவந்த நாளிலிருந்து முப்பது நாள். காலவரம்புச் சட்டம் மறுசீராய்வுக்குத் தரும் கெடுவும் முப்பது நாள்தான், ஆனால் அங்கே தீர்ப்பு நாளிலிருந்து எண்ணுவார்கள். நாங்கள் கொஞ்சம் தாராளம்.

ஒரு தடவைதான். மறுசீராய்வின் மேல் மறுசீராய்வு கிடையாது என்பதும் அந்தக் கட்டளையிலேயே இருக்கிறது.

பேசிக்கொண்டிருக்கும்போது பழைய முடிவு நடப்பில் இருக்கும். இதை மறந்தால் ஒவ்வொரு மனுவும் தடையாணையாகிவிடும், வேலை நிற்கும்.

மாவட்ட விஷயத்தில் ஒரே மாலையில் முடிவை மாற்றினோம்: கோப்புறைக்கு நூலக எண்தான் பெயர், மாவட்டம் உள்ளே ஒரு தகவல் மட்டும். அடுத்த முறை அரசு எல்லையை மாற்றினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். பெரியவர் முதல் கூட்டத்திலேயே எண்ணைத்தான் சொன்னாராம். அவருடைய நோட்டில் இருந்தது, எங்கள் கோப்பில் இல்லை. காரணம் ஆ, அறிகுறி 1.

அறிகுறி 6: ஒரே ஆள், ஒரே கேள்வி

எல்லாம் எழுதியாயிற்று, பதில் சொல்லியாயிற்று, வழியும் வைத்தாயிற்று. அவர் மட்டும் விடுவதில்லை.

கேள்வியை விட்டுவிட்டு, பழைய கருவியில் அவருக்கு என்ன வேலை இருந்தது என்று பாருங்கள். எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தவர் இராணிப்பேட்டைக்காரர். பழைய சப்வெர்ஷன் சர்வர் அவர் வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு ஸ்டூல்மேல் இருந்த கணினி. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஆண்டுக்காண்டு வைத்ததில் பெட்டியின் முகப்பில் பொட்டு தடித்துப் போயிருந்தது. மின்வெட்டு வந்தால் நள்ளிரவில் எழுந்து சரியாக ஏறியதா என்று பார்த்தவர் அவர். புதிய ஏற்பாட்டில் அவருக்கு ஒரு வரி வேலைகூட நாங்கள் எழுதவில்லை. தீர்மானம் 4இல் "வராதவர்: ஒருவர், இரவு ஷிப்ட்" என்று இருக்கிறதே, அந்த ஒருவர்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். கிட்டைப் பற்றிப் பேசவில்லை. "அண்ணா, பழைய சர்வரை நிறுத்துவதற்கு நாள் நீங்கள்தான் குறிக்க வேண்டும், கடைசிப் பிரதியும் நீங்கள் எடுத்தால்தான் எங்களுக்குத் தைரியம்" என்றேன். காபி வந்தது. அவர் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னார்.

இது பலிக்காத ஆளும் உண்டு. நாலு கூட்டத்துக்கு மேல் ஒரே ஆளின் ஒரே கேள்விக்காக மற்றவர்கள் வராமல் நின்றால், அவரை அந்தப் பொருள் பற்றிய பேச்சிலிருந்து விலக்கிவைப்பதைத் தவிர வழியில்லை. ஒருமுறை செய்தோம். ஒரு நல்ல நிரலரை இழந்தோம். இப்போது கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

வெளியாளை அழைக்கும் கட்டம்

உரிமத்தை மாற்றும் பேச்சு கருவி மாற்றத்தோடு சேர்ந்து வந்தால் நிறுத்திவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள். பங்களித்த ஒவ்வொருவருக்கும் அவரவர் எழுதிய பகுதியில் உரிமை இருக்கலாம். கூட்டத்தில் கை தூக்கி அதை மாற்ற முடியாது.

இரண்டு பேர் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்றால் குழுவில் இல்லாத, இருவரும் மதிக்கும் ஒருவரை அழையுங்கள். கணினி தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. கருவியின் பின்னால் ஒளிய முடியாது.

வரலாறு அழிந்துவிட்டது, அல்லது யாரோ வலுக்கட்டாயமாக அனுப்பிப் பிறர் வேலையை மூடிவிட்டார் என்றால் உடனே எல்லோரும் கையை எடுங்கள். யாரும் அனுப்ப வேண்டாம், யாரும் இறக்க வேண்டாம், துப்புரவுக் கட்டளை எதையும் ஓட்ட வேண்டாம். எந்தக் கிளையிலும் இல்லாமல் தொங்கும் கமிட்டின் தடத்தைக் கிட் அந்தந்தக் கணினியில் வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். அதற்குள் அனுபவமுள்ளவர் வந்தால் மீட்டுவிடலாம். வருபவர் முதலில் கேட்பது பழைய களஞ்சியத்தின் தொடாத பிரதி ஒன்று இருக்கிறதா என்பதைத்தான். எங்களுடையது இராணிப்பேட்டை அண்ணன் வீட்டு இரும்பு பீரோவில், பட்டு வேட்டிக்கு அடியில் இருக்கிறது. வன்தட்டின் மேல் அந்த வெள்ளிக்கிழமையின் தேதியை அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். ஓரத்தில் சின்னதாகச் சந்தனப் பொட்டும் உண்டு.